அண்ணனின் வெள்ளை வளைய டயர்கள்

டிக்கோயா,
1962 நவம்பர் 18, ஞாயிறு.

என்றும் மரியாதைக்குரிய நல்லமுத்து அண்ணனுக்கு,

தங்கை நாகலெட்சுமி வணங்கி எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் மைத்துனரும் சுகமாக இருக்கிறோம். அவ்விடம் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமா என்பதை முதலில் கேட்டுவிடுகிறேன். உங்கள் கடிதங்களில் இந்த வரிசை இப்போதெல்லாம் மாறிப்போயிருக்கிறது. கடைசியாக வந்த நான்கு கடிதங்களும் ‘டயர்கள் சுகமா?’ என்றுதான் தொடங்கின. என் சளியைப் பற்றிய விசாரணை நான்காவது கடிதத்தின் அடியில், அண்ணி பேனாவைப் பிடுங்கி எழுதிய எழுத்தில் இருந்தது. மூன்று வாரமாக நான் பதில் போடவில்லை என்று கோபித்திருக்கிறீர்கள். இதில் உங்கள் டயர்களும் ஒரு பெண்ணின் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. முடிவை முதல் வரியிலேயே சொன்னால் நீங்கள் மீதியைப் படிக்காமல் ரயில் ஏறிவிடுவீர்கள் என்பதால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிப் பக்கத்தை முதலில் புரட்ட வேண்டாம்.

ஓகஸ்ட் மாதம் நீங்கள் காரையும் அதை ஓட்டும் செல்லசாமியையும் இங்கே அனுப்பியபோது, கூடவே இரண்டு பக்கத்தில் விதிகளும் எழுதி அனுப்பினீர்கள். கொள்ளுப்பிட்டிக் கடற்காற்று டயரின் வெள்ளை வளையத்தை மஞ்சளாக்குகிறது, வெளிநாட்டுச் சாமான்களைக் கட்டுப்படுத்திய பிறகு இனி இந்தத் தீவில் அப்படி ஒரு டயர் கிடைக்காது, ஆகவே ஆறு மாதம் மலைக்காற்றில் இருக்கட்டும் என்றீர்கள். அந்த இரண்டு பக்கங்களும் எங்கள் சாப்பாட்டு அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கின்றன. தோட்டத்துக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருக்கும் உங்கள் மைத்துனர் தினமும் வேலைக்குப் போகுமுன் அவற்றை ஒருமுறை வாசித்துச் சிரித்துவிட்டுத்தான் சப்பாத்தை மாட்டுவார். வளையத்தை நனைக்காமல் அதன்மேல் துணி வைக்கக் கூடாது, இளஞ்சூட்டுத் தண்ணீரும் கட்டிச் சவர்க்காரமும் தவிர வேறொன்றும் ஆகாது, பல் விளக்கும் பிரஷ்ஷைவிடக் கடினமான எதுவும் அதன் அருகில் போகக் கூடாது, பெற்றோலோ மண்ணெண்ணெயோ பட்டால் வெள்ளை ரப்பர் வெடித்துவிடும். ஒரே இடத்தில் நின்றால் டயர் ஒரு பக்கம் தட்டையாகும் என்பதால் கார் தினமும் மூன்று மைல் ஓட வேண்டும். ஓடும்போது சேறு தெறிக்காமல் ஆள் நடக்கிற வேகத்தில் ஓட வேண்டும். பகலில் விளக்குப் போட்டு பற்றரியைத் தீர்க்கக் கூடாது. ஹோர்ன் அடித்தால் லயத்து நாய்கள் டயரைத் தேடி வரும், ஆகவே ஹோர்னும் கூடாது. இந்தக் கடைசி மூன்று விதிகளையும் நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கறுப்புக் கார், விளக்கில்லை, சத்தமில்லை, நடை வேகம். நேரம் பின்னேரம் மூன்று மணி. ஒக்டோபர் மாதத்தில் அந்த நேரத்துப் பனிமூட்டத்தில் இங்கே கையை நீட்டினால் நம் விரல் நமக்குத் தெரியாது.

மீனம்மாவைப் பற்றியும் இப்போதே சொல்ல வேண்டும். மேட்டு லயத்து வரிசை வீடுகளில் நான்காவது காம்பராவில் இருக்கிறாள், கொழுந்தெடுக்கிறவள், இருபத்தாறு வயது. இதற்குமுன் இரண்டு பிள்ளை பெற்றாள். இரண்டும் லயத்திலேயே பிறந்தன, இரண்டும் அழவில்லை. மூன்றாவது தடவை ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று தோட்டத்து மருத்துவச்சி முடிவாகச் சொல்லிவிட்டாள். தோட்டத்தில் நோயாளியை ஏற்றுவதற்கு இருப்பது ஒரே ஒரு லொறி, அது எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்பது அதன் டிரைவருக்கே தெரியாது. அதனால் செப்டெம்பரில் ஒருநாள் உங்களைக் கேட்காமல், “நேரம் வந்தா சொல்லியனுப்பு, எங்கண்ணன் காரு நிக்குது” என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உங்கள் விதிகளில் கர்ப்பிணிகளைப் பற்றி ஒன்றும் இல்லை என்று இரண்டு தடவை தேடிப் பார்த்த பிறகுதான் சொன்னேன். அவள், “அந்த வெள்ளச் சக்கரத்துக் காருங்களாம்மா? எனக்கா?” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை இந்தக் கடிதம் முழுக்க என் மணிக்கட்டில் உணர்ந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

முதல் விபத்து சிறியது. வளைவில் எதிரே வந்த மாட்டுக்கு வழிவிட ஒதுங்கியபோது முன்பக்க இடது டயர் தண்ணீர் ஓடும் கான் ஓரக் கல்லில் உரசி, வளையத்தில் ஒரு சாண் நீளம் கறுத்துப்போனது. ஹட்டனில் டயர் ஒட்டும் இக்ராமிடம் கொண்டுபோனோம். அவர் குந்தியிருந்து, தேய்க்கும் தாளைத் தண்ணீரில் நனைத்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல ஒரு மணி நேரம் தேய்த்தார். “டீச்சரம்மா, இது மேல பூசின வெள்ளை இல்ல, உள்ளுக்குள்ளயே வெள்ள ரப்பர். தேச்சா வரும். ஆனா தேக்கத் தேக்கக் கொறையும், மனுசத் தோல் மாதிரின்னு வச்சிக்கங்க. கறுப்பு ரப்பர்ல இருக்கற எண்ணெய் வேர்த்து வேர்த்து வெள்ளைக்கு ஏறும், அதான் மஞ்சளாவுறது. கடல் காத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல” என்றார். நீங்கள் காரை இங்கே அனுப்பியதற்கு இருந்த ஒரே காரணம் இப்படி ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தீர்க்கப்பட்டுவிட்டது என்பதை உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. இக்ராம் தேய்த்த இடம் பளிச்சென்று வந்தது. அதனால் வளையத்தின் மிச்சமும், தேய்க்காத மூன்று வளையங்களும் கிழவன் பல்போல மஞ்சளாகத் தெரியத் தொடங்கின.

இரண்டாவது விபத்து அதிலிருந்துதான் வந்தது. கொம்பனியின் விசிட்டிங் துரை தோட்டத்தைப் பார்வையிட வருகிறார் என்றால் இங்கே என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். லயத்துக் கூரை ஒழுகினால் ஒழுகட்டும், ரோட்டோரக் கல் ஒவ்வொன்றும் வெள்ளையாக இருக்க வேண்டும். கான் கல், பாலத்துச் சுவர், மைல் கல், மரத்தின் அடி என்று நிற்பது எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். வாளியும் தென்னந்தும்பு மட்டையுமாக அந்த வேலையைச் செய்துகொண்டு வந்த மாயாண்டி, எங்கள் வீட்டு முன்னால் கல்லோடு கல்லாக நின்ற உங்கள் காரின் டயர்களைப் பார்த்திருக்கிறான். வெள்ளை அடித்து மங்கிப்போனதாக நினைத்து, நான்கு டயருக்கும் இரண்டு பூச்சு அடித்துவிட்டுப் போய்விட்டான். கேட்டபோது, “கல்லுக்கெல்லாம் அடிச்சேன், இது மட்டும் நம்மள என்னான்னு நெனைக்கும்னு இதுக்கும் ஒரு கை அடிச்சேங்கம்மா” என்றான். சொந்த விருப்பத்தில் செய்த வேலை என்பதால் மிகவும் கவனமாகச் செய்திருந்தான். அண்ணா, அவ்வளவு வெள்ளையை நான் அதுவரை எந்தப் பொருளிலும் பார்த்ததில்லை. கழுவச் சொன்னேன், வெளிப்புறம் போனது, ரப்பரின் கீறல்களுக்குள் போனது போகவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் முடிந்து பஸ்ஸில் இறங்கித் தோட்டத்து ரோட்டில் நடந்து வருகிறேன். மூட்டம் இறங்கியிருந்தது. எனக்கு முன்னால் ரோட்டில் இரண்டு வெள்ளை வளையங்கள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் வெறும் பனி. அவை உருளுவதுகூடத் தெரியவில்லை, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மிதந்து வருவதுபோல வந்தன. வளையத்துக்கு வெளியே கறுப்பு ரப்பர் இருக்கிறது, உள்ளே சில்லு இருக்கிறது, மேலே உங்கள் கார் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள். தெரிந்திருந்தும் என் கால் நின்றுவிட்டது. வளையங்கள் என் பக்கத்தில் வந்து நின்றன. பனிக்குள் ஒரு கதவு திறந்தது. “ஏறுங்கம்மா, ஏன் நின்னுட்டீங்க?” என்றான் செல்லசாமி. நான் ஏறி உட்கார்ந்து, சளியால் மூச்சு வாங்குகிறது என்றேன். ரோட்டுக்கு மேலே கொழுந்தெடுக்கிற பெண்கள் இதைத் தினமும் மேலிருந்து பார்க்கிறார்கள் என்பதும், அவர்களுக்காக யாரும் கதவு திறந்து பேசுவதில்லை என்பதும் அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மூன்றாவது விபத்துக்கு நான்தான் பொறுப்பு, ஏனென்றால் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஆயுதபூசை அன்று செல்லசாமி காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வேப்பிலையும் மஞ்சளும் கரைத்த ஒரு செம்புத் தண்ணீரைச் சுற்றிவர ஊற்றினான். மேட்டு லயத்துச் சனம் பொரிகடலை வாங்க வந்து நின்றது. மஞ்சள் தண்ணீர் பட்ட இடமெல்லாம் நான்கு வளையமும் சிவந்தன. சிவந்து, ஓரத்தில் திரண்டு, சொட்டின. மீனம்மாவின் மாமியார் பேச்சியம்மா மடியிலிருந்த பொரியை மெதுவாகப் படியில் கொட்டிவிட்டு நடந்தாள். அவள் பின்னால் எல்லோரும் கொட்டிவிட்டு நடந்தார்கள். தோட்டத்துச் சனம் கடலையைத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் பதறிப்போய் உங்கள் விதிப்படி சவர்க்காரம் போட்டுக் கழுவினோம், கழுவக் கழுவ இன்னும் சிவந்தது, சிவப்புத் தண்ணீர் கான் வழியாக மேட்டு லயத்துச் சனம் இறங்கி வந்து தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் போனது. மூன்று நாள் இப்படி. மூன்றாம் நாள் கோயிலில் ஆலாத்தித் தட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு, நம் வீட்டில் ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் நம் கையால் கரைக்கிற சிவப்பு. பதினாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன், டயரில் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. எலுமிச்சம்பழச் சாறு விட்டுத் தேய்த்ததும் போய்விட்டது. லயத்தில் அது போகவில்லை.

ஐந்தாம் நம்பர் மலையில் ரோட்டோர நிரைகளில் கொழுந்தெடுக்க ஆள் இறங்க மறுத்தார்கள். ரோட்டில் முனி போகிறது, அதற்கு உடம்பு கிடையாது, இரண்டு கண்ணைத் தரையோடு வைத்துக்கொண்டு போகிறது, ஆயுதபூசை அன்று ரத்தம் காட்டிக் கேட்டுவிட்டது என்று கதை. இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் ஒருநாள் மீனம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்து, “மாமியா அந்தக் கார்ல ஏறக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சுங்கம்மா. நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லுங்களேன்” என்றாள். வார்த்தை போதாது, கண்ணால் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு வழக்கம்போலக் காரை ஓட்டிவந்து ஐந்தாம் நம்பருக்கு நேரே ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுப் போகும்படி செல்லசாமியிடம் சொல்லிவிட்டு, பேச்சியம்மாவையும் இன்னும் பத்துப் பெண்களையும் அழைத்துக்கொண்டு மலைச்சரிவில் போய் நின்றேன்.

வந்தது. சொன்ன நேரத்துக்கு வந்தது. இரண்டு வளையம், நடுவில் ஒன்றுமில்லை. “பார்த்தீங்களா? நம்ம காருதான். கறுப்பு தெரியாது, வெள்ளை மட்டும் தெரியுது, அவ்வளவுதான்” என்றேன். “சத்தம் ஏன் கேக்கலைங்கம்மா?” என்றாள் பேச்சியம்மா. மூட்டம் சத்தத்தை விழுங்கும், அதோடு அது சத்தமே போடாத கார் என்று சொன்னேன். உங்கள் காரின் எஞ்சினைப் பற்றி நீங்கள் சொல்லும் பெருமை முழுவதையும் அந்தச் சரிவில் நின்று சொன்னேன். வளையங்கள் எங்களுக்கு நேரே நின்றன. ஒரு நிமிஷம் என்றுதான் சொல்லியிருந்தேன், அது நீண்டுகொண்டே போனது. இதை நான் அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன், அண்ணா. அங்கே நிற்கும்போது, அது எனக்காகத்தான் நிற்கிறது என்ற எண்ணம் வந்தது. பயமாக இல்லை. நீண்ட நாள் களைப்புக்குப் பிறகு யாரோ வந்து போகலாமா என்று கேட்பதுபோல இருந்தது. தேயிலைச் செடிக்கு நடுவில் ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டேன். பிறகு சுதாரித்துக்கொண்டு, போதும், போகலாம் என்று கையசைத்தேன். உடனே போய்விட்டது.

நான் வெற்றியோடு அவர்கள் பக்கம் திரும்பினேன். பேச்சியம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். “நல்லா தெளிவாச்சுங்கம்மா. இத்தன நாளா அது எங்கேருந்து வருதுன்னு தெரியாம பயந்துகிட்டுக் கெடந்தோம். இப்ப தெரிஞ்சு போச்சு. உங்க வீட்டுலேருந்துதான் வருது” என்றாள். எல்லோரும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போனார்கள். இப்படியாக, யாருடையது என்று தெரியாமல் இருந்த முனிக்கு முகவரி கொடுத்தது உங்கள் தங்கைதான். அன்று பின்னேரம் செல்லசாமியைக் கூப்பிட்டு, சொன்ன இடத்தில் சொன்னபடி நிறுத்தினாய், இவ்வளவு பக்குவமாக ஓட்டுகிறவனை நான் பார்த்ததில்லை என்று பாராட்டினேன். அவன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

போன புதன்கிழமை. சளி கடுமையாக இருந்ததால் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பகல் பதினொரு மணிக்கு மருத்துவச்சி ஆளனுப்பினாள், மீனம்மாவுக்கு விடியற்காலமே வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். லொறி தேயிலைப் பெட்டியோடு ஹட்டனுக்குப் போயிருந்தது. நான் காரோடு மேட்டு லயத்துக்குப் போனபோது மழை விட்டு மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மீனம்மாவின் புருஷன் சின்னராசா கம்பளியை ஒரு நீளக் கம்பில் கட்டித் தொட்டில் பண்ணிக்கொண்டிருந்தான், நாலு மைல் தூக்கிக்கொண்டு போகப் போகிறானாம். பேச்சியம்மா காம்பரா வாசலில் குறுக்கே நின்றாள்.

“ஏத்தமாட்டேன். ரெண்டு பிள்ளைய மண்ணுக்குக் குடுத்தாச்சு. இவளையும் அந்தச் சக்கரத்துக்குக் குடுக்கச் சொல்றீங்களா?”

“பேச்சியம்மா, அது ரப்பர்.”

“ரப்பருக்கு ரத்தம் வருமா?”

“மஞ்சளும் சுண்ணாம்பும். நீயே ஆலாத்தி கரைப்பியே!”

“நான் தட்டுல கரைப்பேன். சக்கரம் தானா கரைச்சுக்குமா?”

“ஆத்தா, வழிய விடு, அவ செத்துருவா” என்று சின்னராசா கத்தினான். “தூக்கிட்டுப் போடா, நான் வேணாங்கல. நடந்து போ. அதுல போனா எங்க போய் நிக்கும்னு யாருக்குத் தெரியும்?” என்றாள் அவள். உள்ளேயிருந்து மருத்துவச்சி, நாலு மைல் தூக்கினால் பாதி வழிதான் தாங்கும் என்று குரல் கொடுத்தாள். அதற்கும் உள்ளேயிருந்து, மிகவும் மெல்லியதாக, “டீச்சரம்மா வந்துட்டாங்களா?” என்று கேட்டது.

அண்ணா, என்னிடம் இருந்த விளக்கங்கள் எல்லாம் சரியானவை. அவற்றில் ஒன்றுகூட அந்த வாசலில் அரை அடி இடம் உண்டாக்கவில்லை. பேச்சியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவளும் மீனம்மாவைக் காப்பாற்றத்தான் அங்கே நிற்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. “வெள்ளை இல்லேன்னா ஏத்துவியா?” என்றேன். அவள் என்னைத் தாண்டி உங்கள் டயர்களைப் பார்த்தாள். “வெள்ள இல்லேன்னா அது வேற வண்டிங்கம்மா” என்றாள்.

செல்லசாமி ஓடிப்போய் உங்கள் மைத்துனர் சப்பாத்துக்குப் போடும் கறுப்பு பாலிஷ் டப்பாக்கள் இரண்டையும் எடுத்து வந்தான். நான் சேற்றில் முழங்காலிட்டு, முன் டயரை நனைக்காமல், துணியைச் சுருட்டி, வெள்ளையின்மேல் நேரே வைத்து இழுத்தேன். உங்கள் முதல் விதியை மீறுகிறேன் என்பது கை போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு டயரோடு பாலிஷ் தீர்ந்துவிட்டது. மாயாண்டி அடுப்புக்கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக்கொண்டு வந்து, “வெள்ள அடிச்சதும் நானுதான், கறுப்பும் நானே அடிச்சுடறேங்கம்மா” என்று மற்றப் பக்கத்தை எடுத்துக்கொண்டான். விசிட்டிங் துரைக்காக அடித்ததைவிட வேகமாக அடித்தான். பேச்சியம்மா வந்து ஒவ்வொரு வளையத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். நான்காவதைத் தொட்டுவிட்டு, “பின்னால பெட்டிக்குள்ள ஒன்னு இருக்குமே” என்றாள். மாற்று டயர்! பூட்டைத் திறந்து, யாருக்கும் தெரியாமல் படுத்துக் கிடந்த அந்த ஐந்தாவது டயரையும் கறுப்பாக்கினோம். உள்ளே ஒருத்தி உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்க, வெளியே நாங்கள் மூன்று பேர் மாற்று டயருக்குக் கரி பூசியது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. பேச்சியம்மா தானே மீனம்மாவின் தலைப்பக்கம் பிடித்துக் காருக்குள் ஏற்றினாள், தானும் முன்னால் ஏறிக்கொண்டாள்.

வழி முழுக்க மூட்டம். விளக்கைப் போடச் சொன்னேன், ஹோர்னை விடாமல் அடிக்கச் சொன்னேன், நாய்கள் வந்தன, வரட்டும் என்றேன். ஐந்தாம் நம்பர் வளைவில் செல்லசாமி திடீரென்று வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் கானை ஒட்டி ஒதுங்கி நின்றான், எதிரே வரும் வாகனத்துக்கு வழிவிடுகிறவர்கள் நிற்பதுபோல. நான் மீனம்மாவின் தலையை மடியில் வைத்திருந்ததால் ரோட்டைப் பார்க்கவில்லை. லொறியா என்றேன். “ஒன்னுமில்லைங்கம்மா” என்று மறுபடி எடுத்தான். முன்னால் பேச்சியம்மா கண்ணை மூடிக் கைகூப்பி இருந்தாள்.

ஒரு மணிக்கு ஒப்பரேஷன். இரண்டு மணிக்குள் பெண் குழந்தை. அழுதது, அண்ணா. ஆஸ்பத்திரி விறாந்தையில் நாங்கள் எல்லோரும் அந்த அழுகையை, ரேடியோவில் கச்சேரி கேட்பதுபோல நின்று கேட்டோம். மீனம்மாவும் பிழைத்தாள். நேற்றுப் போய்ப் பார்த்தேன், என் கையைப் பிடித்தாள், பிடியில் பலம் இருக்கிறது.

ஆக, உங்கள் டயர்கள் கறுப்பாகிவிட்டன. இதைத்தான் இத்தனை சங்கதிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துச் சொல்ல வந்தேன். மன்னிக்க வேண்டும். இக்ராமிடம் கேட்டுவிட்டேன், பாலிஷ் முக்கால்வாசி சவர்க்காரத்தில் போகும், மீதியையும் கரியையும் தேய்த்து எடுக்கலாம், தைப்பொங்கலுக்குள் பழையபடி வெள்ளையாகத் தருகிறேன் என்றார். வரும் சனிக்கிழமை ஐந்தையும் அவரிடம் கொடுத்துவிடுவேன். முனி, ரத்தம் என்று யாராவது கொழும்பு வரை கதை கொண்டுவந்தால் நம்ப வேண்டாம். ஐந்தாம் நம்பர் மலையில் பதினொரு பேர் சாட்சியாக நான் நிரூபித்துவிட்டேன், அது உங்கள் காரைத் தவிர வேறொன்றும் இல்லை. அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அத்தையின் ஆசி, படிப்பில் கெட்டிக்காரராக வர வேண்டும். உங்கள் நெஞ்செரிவுக்குச் சீரகம் அனுப்பியிருக்கிறேன், இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு தேவைப்படும்.

என்றும் உங்கள் அன்பை நம்பியிருக்கும் தங்கை,
நாகலெட்சுமி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது செல்லசாமி வாசலில் வந்து நின்றான். உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. “என்னையப் பத்தி என்னம்மா எழுதியிருக்கீங்க?” என்றான். நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று காட்ட, ஐந்தாம் நம்பர் மலைச் சங்கதியை வாசித்துக் காட்டினேன். பாதியில் அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். “அம்மா, அன்னைக்கு வண்டி ஸ்டார்ட்டே ஆகலைங்கம்மா” என்றான். பிளக்கில் ஈரமாம். மூன்று மணியிலிருந்து நாலேகால் வரை கராஜுக்குள்ளேயே துடைத்துக்கொண்டிருந்தானாம், தள்ளியும் கிளம்பவில்லையாம். ஏச்சு வாங்கத் தயாராக வந்தவனை நான் பாராட்டிவிட்டேன், அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது என்கிறான். மாயாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “தள்ளுனேங்கம்மா, இன்னும் முதுகு புடிச்சிருக்கு” என்று முதுகைத் திருப்பிக் காட்டினான்.

நான் கையசைத்தேன், அது போனது. இதற்குமேல் அந்த இடத்தை நினைக்கப் போவதில்லை. மேலே நான் நிரூபித்ததாக எழுதிய எதையும் நிரூபித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செல்லசாமியும் மாயாண்டியும் வாய் திறக்க மாட்டார்கள், நானும் லயத்தில் சொல்லப் போவதில்லை. காரணம், மூன்றாவது காம்பரா ராசம்மாவுக்கு மார்கழியில் நாள். இவர்கள் இருவரும் போன கையோடு பேச்சியம்மாவே அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, “அந்தக் கறுப்புச் சக்கரத்து வண்டி இவளுக்கும் வருமுங்களா?” என்று கேட்டாள். வரும் என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே சனிக்கிழமை டயர்கள் இக்ராமிடம் போகவில்லை. மழையில் பாலிஷ் கரைந்துவிடுகிறது, ஹட்டன் கடைகளில் மண்ணிறம்தான் இருக்கிறது, உங்கள் மைத்துனர் சாம்பல் நிறச் சப்பாத்தோடு கந்தோருக்குப் போகிறார். கொழும்பிலிருந்து கறுப்பு பாலிஷ் ஆறு டப்பா உடனே ரயிலில் அனுப்பிவையுங்கள். வெள்ளை வளையம் போட்டது இந்த ரோட்டில் ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.